வெயிலுக்கு ஓணான் சாட்சி!

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர் பக்கம் இருக்கிறது அச்சங்குளம். பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில் ஒன்று.

சுற்றிலும் கரிசல் காடு. மழை குறைவு. வெயிலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு அந்த வெயிலும் ஒரு காரணம். தீக்குச்சி காய வேண்டும். காகிதக் குழாய் காய வேண்டும். மருந்து வைத்த வெடியும் காய வேண்டும். இதற்கெல்லாம் கூலி வாங்காமல் வேலை செய்கிற ஆள் வெயில்தான்.

ஆனால், அதே வெயில் அளவு மீறினால் ஆபத்து. எதை எப்போது வெயிலில் வைப்பது, எப்போது நிழலுக்குக் கொண்டுபோவது என்று தெரிந்திருக்க வேண்டும். கணக்குத் தவறினால் உயிருக்கே கேடு.

இதே கணக்கை இன்னொரு ஜீவனும் அந்த ஊரில் தினமும் போடுகிறது. அது பள்ளிக்கூடம் போனதில்லை. அதனிடம் கடிகாரமும் இல்லை, உஷ்ணமானியும் இல்லை.

அது யார் தெரியுமா? வேலியில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறதே, அந்த ஓணான்தான்!

'வேலிக்கு ஓணான் சாட்சி' என்பது பழமொழி. உண்மையில், ஓணான் வெயிலுக்கும் சாட்சி. அது எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, வெயில் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

குளிர்ந்த ரத்தமா?

ஓணான், பல்லி, அரணை, உடும்பு எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் 'குளிர் ரத்தப் பிராணிகள்' என்று சொல்லுவது வழக்கம்.

இந்தப் பெயரைக் கேட்டால், ஓணானின் ரத்தம் எப்போதும் ஜில்லென்று இருக்கும் என்று தோன்றும். அது சரியல்ல. வெயில் காய்ந்துவிட்டு வரும் ஓணானின் உடம்பு மனிதனின் உடம்பு அளவுக்குச் சூடாக இருக்கக்கூடும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

மனிதனின் உடம்புக்குள் ஓர் அடுப்பு எரிகிறது. சாப்பிடும் சாப்பாடுதான் அதற்கு விறகு. மார்கழிக் குளிரானாலும் சித்திரை வெயிலானாலும் நம் உடம்பு ஏறக்குறைய 37 டிகிரி சென்டிகிரேடிலேயே இருக்கிறது. பழைய கணக்கில் சொன்னால் 98.4 டிகிரி. மாடு, ஆடு, நாய், எலி, கோழி, காகம் எல்லாவற்றுக்கும் இப்படி உள்ளே அடுப்பு உண்டு.

ஓணானுக்கு அந்த அடுப்பு இல்லை என்றே சொல்லலாம். அதற்கு வேண்டிய சூடு வெளியில் இருந்துதான் வர வேண்டும். சூரியனிடம் இருந்து வாங்க வேண்டும். அல்லது, சூடேறிய கல்லிடமும் மண்ணிடமும் வாங்க வேண்டும்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. அடுப்பு இல்லாத வீட்டுக்கு விறகுச் செலவு ஏது? ஒரு எலிக்கு வேண்டிய இரையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே, அதே எடையுள்ள ஓணான் காலம் தள்ளிவிடும். மழை பொய்த்து, பூச்சி குறைந்துபோகும் கரிசல் காட்டில் அது வாழ்வதற்கு இந்தச் சிக்கனமும் கை கொடுக்கிறது.

ஓணானின் ஒரு நாள்

காலை நேரம். வெயில் இன்னும் ஏறவில்லை. ஓணானின் உடம்பு இரவுக் காற்றைப் போலவே குளிர்ந்து கிடக்கிறது. இந்த நேரத்தில் அதனால் வேகமாக ஓட முடியாது. தின்றது சரியாகச் செரிக்காது. பூச்சி எதிரே வந்தாலும் சட்டென்று பிடிக்க முடியாது. பருந்தோ பூனையோ வந்தால் அதோ கதிதான்.

ஆகவே, அதன் முதல் வேலை இரை தேடுவது அல்ல; வெயில் காய்வதுதான்.

வெயில் முதலில் விழும் கிளைக்கோ கல்லுக்கோ அது வந்து சேருகிறது. விலாவைச் சூரியனுக்குக் காட்டி உட்காருகிறது. விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தட்டையாக்குகிறது. ஈரத் துணியைச் சுருட்டிப் போட்டால் சீக்கிரம் காயுமா, விரித்துப் போட்டால் காயுமா? விரித்துப் போட்டால்தானே! அதே தந்திரம்தான் இது.

இன்னொரு தந்திரமும் உண்டு. உடம்பு குளிர்ந்திருக்கும்போது பல வகை ஓணான்களின் தோல் கருத்துவிடும். கறுப்புக் குடை வெயிலில் எவ்வளவு சூடாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். கருத்த தோலும் அப்படித்தான். வெயிலை அது அதிகமாக உறிஞ்சும். உடம்பு சூடானதும் நிறம் வெளுக்கத் தொடங்கும்.

வேண்டிய சூடு கிடைத்துவிட்டது. இப்போது ஓணான் சுறுசுறுப்பாகிவிடும். எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி என்று வேட்டை தொடங்கும்.

உச்சி வெயில் நேரம். கரிசல் மண் தகிக்கிறது. வெறுங்காலை வைக்க முடியாது. இப்போது ஓணானுக்கு வெயில் நண்பன் அல்ல, எமன்! அது நிழலுக்கு ஓடுகிறது. தரையை விட்டு மேலே ஏறுகிறது. தரையில் இருந்து சில அடி உயரத்தில், இலைக்கு நடுவில், காற்றுப்படும் கிளையில் ஒட்டிக்கொள்கிறது.

ஓணானுக்கு வேர்வை கிடையாது. வேர்த்துக் குளிர நம்மால் முடியும், அதனால் முடியாது. சூடு தாங்காமல் போனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நாய் இரைப்பதைப் போல. அது கடைசி முயற்சி. அப்படிச் செய்தால் உடம்பில் இருக்கும் தண்ணீர் செலவாகிவிடும். ஆகவே, அந்த நிலை வருவதற்கு முன்பே நிழலுக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் அது மறுபடியும் வெளியே வரும். இன்னும் கொஞ்சம் வேட்டை. இருட்டியதும் மெல்லிய கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு தூக்கம். உடம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்துவிடும்.

ஓணான் தலையை ஆட்டுவது மட்டும் இந்தச் சூட்டுக் கணக்கில் சேராது. 'இது என் இடம்' என்று மற்ற ஓணான்களுக்குச் சொல்லும் பாஷை அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் செக்கச் செவேல் என்று சிவப்பதும் அப்படித்தான். 'ஓணான் ரத்தம் உறிஞ்சுகிறது' என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அதில் உண்மை இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு ரத்தம் உறிஞ்ச எந்தப் பிராணியாலும் முடியாது!

டம்ளரும் அண்டாவும்

எல்லாரும் ஒரே மாதிரி வெயில் காய்வதில்லை.

வீட்டுப் பல்லி பகலில் வெளியே வராது. இரவில்தான் அதன் வேட்டை. பகல் முழுவதும் வெயில் வாங்கிய சுவர் இரவிலும் கதகதப்பாக இருக்கும் அல்லவா? அந்தச் சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு பல்லி சூட்டை வாங்கிக்கொள்ளும்.

அரணை வழவழவென்று ஓடி, கல்லுக்கு அடியிலும் சருகுக்கு அடியிலும் புகுந்துகொள்ளும். மேலே வெயில், கீழே குளிர்ச்சி. இரண்டும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

உடும்பு பெரிய பிராணி. டம்ளரில் இருக்கும் காபி சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவில் இருக்கும் வெந்நீர் ஆற நேரமாகும். ஓணான் டம்ளர் என்றால் உடும்பு அண்டா. சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். ஆகவே, காலையில் அது ஆற அமரப் படுத்து வெயில் காயும். இப்படி அசையாமல் கிடக்கும் நேரத்தில்தான் மனிதர் கையில் அது சுலபமாகச் சிக்கும். உடும்பைப் பிடிப்பதும் கொல்லுவதும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி

ஓணானின் இந்தச் சாமர்த்தியம் விஞ்ஞானிகளுக்கே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 'காற்று எவ்வளவு சூடோ, அவ்வளவுதான் ஓணான் உடம்பின் சூடு' என்று பலர் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்று இரண்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். கலிபோர்னியாவின் பாலைவனத்தில் ஓணான்களையும் பாம்புகளையும் பிடித்து, சிறிய உஷ்ணமானியால் அவற்றின் உடம்புச் சூட்டை அளந்தார்கள். 1944-ல் முடிவை வெளியிட்டார்கள்.

காற்றின் சூடு ஏறி இறங்கினாலும், நடமாடும் ஓணானின் உடம்புச் சூடு அதிகம் மாறவில்லை! வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய், அது தன் சூட்டை ஒரு நிலையில் வைத்துக்கொண்டது.

பாலைவனத்து ஓணானே ஆனாலும், சுடுமணலில் நிழலுக்கு ஓட முடியாமல் மாட்டிக்கொண்டால் சில நிமிடங்களில் செத்துவிடும் என்பதும் தெரிய வந்தது. பாலைவனத்தில் அதைக் காப்பாற்றுவது தடித்த தோல் அல்ல. நிழலைத் தேடி ஓடும் கால்கள்!

இதற்கு நேர் எதிரான சங்கதி ஒன்று. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் மலைகளில், 4,000 மீட்டருக்கு மேல் உயரத்தில், ஒரு வகை ஓணான் வாழ்கிறது. ஆலிவர் பியர்சன் என்ற விஞ்ஞானி 1954-ல் அதைப் பற்றி எழுதினார். தண்ணீர் உறைந்துபோகும் அளவுக்குக் காற்று குளிர்ந்திருக்கும்போதே, வெயில் காய்ந்த அந்த ஓணானின் உடம்பு 30 டிகிரிக்கு மேல் சூடாகிவிடுகிறதாம்!

பனிமலையில் சூடு. பாலைவனத்தில் குளிர்ச்சி. இரண்டையும் உட்காரும் இடத்தை மாற்றியே சம்பாதித்துக்கொள்கிறது இந்தக் குலம்.

உச்சந்தலையில் ஒரு கண்

'இப்போது போதும், நிழலுக்குப் போ' என்று ஓணானுக்குச் சொல்வது யார்?

1967-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் நீல நாக்கு உள்ள பெரிய அரணை ஒன்று உண்டு. அதை ஒரு கூண்டில் விட்டார்கள். கூண்டின் ஒரு பக்கம் 15 டிகிரி. மறு பக்கம் 45 டிகிரி. ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் கொதிப்பு. அரணை என்ன செய்தது? சூடு ஏறியதும் குளிர்ந்த பக்கம் போயிற்று. குளிர்ந்ததும் சூடான பக்கம் வந்தது. ஓயாமல் நடந்து, தன் சூட்டைக் காப்பாற்றிக்கொண்டது.

பிறகு, அதன் மூளையின் அடிப்பகுதியில் ஓர் இடத்தை மட்டும் லேசாகச் சூடாக்கினார்கள். உடனே அது வழக்கத்தைவிட முன்னதாகவே வெயில் பக்கத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. ஆக, சூட்டை அளக்கும் கருவி மூளைக்குள் இருக்கிறது என்று தெரிந்தது. மனிதனுக்கும் மூளையில் அந்த இடத்தில்தான் அந்தக் கருவி இருக்கிறது.

இதற்குத் துணையாக இன்னோர் அதிசயமும் உண்டு. ஓணானின் உச்சந்தலையில், நடு மத்தியில், சிறு புள்ளி போல ஒரு மூன்றாவது கண் இருக்கிறது! இது உருவங்களைப் பார்க்கும் கண் அல்ல. வெளிச்சத்தை மட்டும் உணரும் கண்.

அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டெபின்ஸ், ரிச்சர்டு ஈக்கின் என்ற இருவர் 1958-ல் இதைச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் வேலியில் உட்காரும் ஒரு வகை ஓணான்தான். மூன்றாவது கண்ணை நீக்கிய ஓணான்கள், மற்றவற்றைவிட அதிக நேரம் வெளிச்சத்தில் கிடந்தன. 'வெயில் போதும்' என்று எச்சரிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது!

இரவில் திரியும் பல்லிக்கு இந்தக் கண் இல்லை.

ஓணானுக்கும் காய்ச்சல்

பிள்ளையின் நெற்றியில் தாய் கை வைத்துப் பார்க்கிறாள். சுடுகிறது. காய்ச்சல்!

ஓணானுக்குக் காய்ச்சல் வருமா? உள்ளே அடுப்பு இல்லையே, எப்படி வரும்?

வருகிறது. அதைத் தானே வரவழைத்துக்கொள்கிறது!

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளூகர் என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் 1974, 1975-ம் ஆண்டுகளில் இதைக் காட்டினார்கள். பாலைவனத்தில் வாழும் ஒரு வகைப் பெரிய ஓணான் வழக்கமாக 38, 39 டிகிரிச் சூட்டை விரும்பும். நோய்க்கிருமியை அதன் உடம்பில் செலுத்தினார்கள். ஓணான் வழக்கத்தைவிடச் சூடான இடத்துக்குப் போய், உடம்பின் சூட்டை இரண்டு டிகிரி போல ஏற்றிக்கொண்டது.

நோய் கண்ட ஓணான்களைப் பிரித்து, சிலவற்றைக் குறைந்த சூட்டிலும் சிலவற்றை அதிகச் சூட்டிலும் வைத்தார்கள். குறைந்த சூட்டில் இருந்தவை அதிகமாகச் செத்தன. அதிகச் சூட்டில் இருந்தவை அதிகமாகப் பிழைத்தன.

காய்ச்சல் என்பது வெறும் தொல்லை அல்ல, நோயை எதிர்க்கும் ஓர் ஆயுதம் என்று டாக்டர்கள் உணர்வதற்கு இந்த ஓணான்களும் உதவின.

முட்டைக்கும் கணக்கு

ஓணானின் முட்டைக்கும் சூட்டுக் கணக்கு உண்டு. பெண் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுப் போய்விடும். கோழியைப் போல அடைகாப்பதில்லை. மண்ணின் சூடுதான் அடைகாக்கிறது.

நம் ஊர் வேலி ஓணானின் முட்டைகளை வைத்துக் கர்நாடகத்தில் நடந்த ஆராய்ச்சி 2012-ல் வெளியாயிற்று. முட்டை இருக்கும் இடத்தின் சூட்டைப் பொறுத்து, ஆண் குஞ்சு, பெண் குஞ்சு கணக்கு மாறக்கூடும் என்று அது காட்டியது.

நிழல் போனால்?

இத்தனை சாமர்த்தியம் இருந்தும் ஓணானுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஓணான் விரும்பும் சூட்டுக்கும், அதைக் கொல்லும் சூட்டுக்கும் இடையில் சில டிகிரிதான் வித்தியாசம்.

உலகம் சூடாகிவருகிறது. அதனால் ஓணானுக்கு என்ன நஷ்டம்? அதுதான் நிழலுக்குள் போய்விடுகிறதே என்று கேட்கலாம்.

அங்கேதான் சிக்கல். நிழலுக்குள் ஒளிந்திருக்கும் நேரத்தில் வேட்டை கிடையாது. வேட்டை இல்லாவிட்டால் இரை கிடையாது. உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் முடங்கிக் கிடந்த ஓணான் ஆறு மணி நேரம் முடங்கிக் கிடந்தால், வயிறு எப்படி நிறையும்? முட்டையிட வேண்டிய பெண் ஓணானுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?

இது வெறும் கற்பனை அல்ல. பேரி சினெர்வோ என்ற அமெரிக்க விஞ்ஞானியும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் 2010-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மெக்சிகோ நாட்டில், முன்பு ஓணான்கள் இருந்த 200 இடங்களில் தேடிப் பார்த்தார்கள். 1975-ம் ஆண்டுக்குப் பிறகு நூற்றுக்குப் பன்னிரண்டு இடங்களில் ஓணான்கள் அடியோடு மறைந்துவிட்டன. வெளியே நடமாட முடியாத நேரம் எங்கே அதிகமாயிற்றோ, அங்கே அவை மறைந்தன. சூடு இப்படியே ஏறினால், 2080-ம் ஆண்டுக்குள் உலகத்தில் உள்ள ஓணான், பல்லி, அரணை இனங்களில் ஐந்தில் ஒன்று அழிந்துபோகலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கியர்னியும் அவருடைய நண்பர்களும் 2009-லேயே வேறொரு கணக்குப் போட்டிருந்தார்கள். குளிர்நாட்டு ஓணானுக்கு வெயில் கிடைப்பது பிரச்சினை. வெப்பநாட்டு ஓணானுக்கோ நிழல் கிடைப்பதுதான் பிரச்சினை என்று அவர்கள் சொன்னார்கள். வெப்பநாடுகளில் செடி கொடி குறைந்து நிழல் போய்விட்டால், ஓணானின் சாமர்த்தியம் எல்லாம் வீண்.

கரிசல் காடும் வெப்பநாட்டுப் பூமிதான்.

கிளுவையும் கள்ளியும் வைத்துக் கட்டிய உயிர்வேலி ஓணானுக்கு வீடு. அதில் காலை வெயிலும் உண்டு. பகல் நிழலும் உண்டு. இரண்டு அடி நகர்ந்தால் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். கம்பி வேலியில் வெயில் மட்டுமே உண்டு. சுட்டெரிக்கும் சிமெண்டுச் சுவரில் ஒளிய இடம் இல்லை. வரப்பில் நிற்கும் வேம்பை வெட்டினால், அந்த நிழலில் கஞ்சி குடிக்கும் மனிதருக்கும் நஷ்டம். அந்தக் கிளையில் ஒதுங்கும் ஓணானுக்கும் நஷ்டம். ஓணான் தின்றுவந்த வெட்டுக்கிளிக்கும் வண்டுக்கும் மட்டும் லாபம்!

கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓணான் என்றால் கல் எடுக்கும் வழக்கம் உண்டு. 'ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது' என்று ஒரு கதை சொல்லி, அணிலைக் கொஞ்சுவார்கள், ஓணானை அடிப்பார்கள். கதையில் வந்த ஓணானுக்காக, வேலியில் வெயில் காயும் ஓணான் கல்லடி படுகிறது. அதுவும் காலை நேரத்தில், ஓடத் தெம்பு இல்லாமல் அது குளிர்ந்து கிடக்கும்போது!

அந்தக் கல்லைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளைகள் பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறது? எப்போது நிறம் மாறுகிறது? எந்த நேரத்தில் நிழலுக்குப் போகிறது? ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், கௌல்சும் போகர்ட்டும் பாலைவனத்தில் கண்டதைத் தங்கள் வீட்டு வேலியிலேயே கண்டுவிடலாம். காசு செலவில்லாத விஞ்ஞானப் பாடம்!

வேலி ஓரத்தில் ஒரு மரக்கன்று நட்டால், நாளைக்கு அது ஓணானுக்கும் நிழல். பட்டாசு வேலை முடிந்து வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கும் நிழல்.